பச்சை ஓடிய படம்

ஜூன் 4

என் மருமகள்களிலேயே தலைசிறந்தவளும், என் அக்கா பெற்றுப் போட்ட ஒரே மருமகளுமான வாலுவுக்கு,

உன் மாமா, குடிநீர்க் குழாய்களின் ஓய்வுபெற்ற சக்கரவர்த்தி, எழுதிக்கொள்வது. இங்கே நலம். உன் நலமறிய ஆவல். சாதாரண ஆவல் இல்லை, நிறுத்துப் பார்த்தால் தராசு உடைந்துவிடும்.

இப்போது சொல்லப்போகும் கதையை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. என் தலைமேல் கை வைத்து உறுதி சொல்கிறேன். எந்தத் தலை? நான் ஒவ்வொரு முறை புளுகும்போதும் உன் அம்மா குட்டிக் குட்டிப் பள்ளமாக்கிய அதே தலை. மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்குகிறது. ஆகையால் நீயும் நம்பாதே. நம்பிவிட்டாயானால் எனக்குத்தான் அவமானம்.

தலைவலிக்காக அக்காவுக்கு ஸ்கேன் எடுத்தோம் அல்லவா, அதைக் காட்ட நேற்று மூளை டாக்டரிடம் போனோம். அவர் உயரமான மனிதர். உடம்பு அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் தலை வந்து சேர்ந்தது. அக்காவின் மண்டைக்குள் ஓடும் ரத்தக் குழாய்களை எல்லாம் திரையில் போட்டார். அடேயப்பா! நான் பதிக்காத குழாயா, பார்க்காத வரைபடமா? இப்படி ஒரு வேலைப்பாட்டை எந்த வாரியத்திலும் பார்த்ததில்லை. இடது பக்கம் ஒரு வளைவில் மட்டும் பூசணிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். (அக்கா எட்டிப் பார்த்துக் குட்டிவிட்டாள். பட்டாணி அளவு.)

"இது வெடிக்குமா?" என்று அக்கா கேட்டாள்.

"வெடிக்காமலே கடைசி வரைக்கும் இருந்தாலும் இருக்கும்மா. நாளைக்கே வெடிச்சாலும் வெடிக்கும். வெடிச்சா காப்பாத்துறது கஷ்டம். அடியில ஒரு கிளிப் போட்டுட்டா அந்தப் பயமே இல்ல."

"துணி காயப்போடுற கிளிப்பா டாக்டர்?" இது நான்.

"கிட்டத்தட்ட அதே மாதிரிதான் சார். சின்னது."

"கிளிப் சரியா உட்கார்ந்துச்சான்னு எப்படித் தெரியும்? மண்டைய மூடின பிறகு எட்டிப் பார்க்கவா முடியும்?"

"மூடுறதுக்கு முன்னாடியே பார்த்துடுவோம். கையில ஊசி வழியா ஒரு நிறமருந்து ஏத்துவோம். அது ரத்தத்தோட கலந்து மூளைக்குப் போகும். மைக்ராஸ்கோப்புல அதுக்குன்னு ஒரு விளக்கு இருக்கு. அதைப் போட்டா ரத்தம் ஓடுற குழாயெல்லாம் மின்னும், திரையில பச்சையாத் தெரியும். வீக்கத்துக்குள்ள பச்சை போகக் கூடாது, மத்த குழாய்ல எல்லாம் போகணும். போகலைன்னா அங்கேயே கிளிப்பை மாத்திப் போட்டுடுவோம்."

நான் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "டாக்டர், நீங்க நம்ம டிபார்ட்மென்ட்டு!" என்றேன். பின்னே? எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க நாங்களும் ஒரு முனையில் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு மறுமுனைக்கு ஓடுவோமே! ஒருமுறை சாயம் கொஞ்சம் கூடிப் போய் ஊரில் பாதிப் பேர் பச்சையாகத் தும்மினார்கள், பெரியவர் ஒருவர் தாடியில் துளிர் விட்டது என்று அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அக்கா அவர் முன்னாலேயே குட்டினாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "அவளுக்கு எழுதிக் கேளுடா. ஆபரேஷன் தியேட்டர் வேலையில தினமும் அந்த மெஷின் பக்கத்துலதானே நின்னவ. அவ செஞ்சுக்கோன்னா செஞ்சுக்கறேன். வேணாம்னா இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்றாள்.

ஆகவே தீர்ப்பு உன் கையில். உன்னை அலுங்காமல் படுக்கச் சொல்லியிருப்பதால் மாப்பிள்ளை போனைப் பிடுங்கி வைத்திருப்பது நல்லதுதான். அக்காவும் நீயும் போனில் பேசினால் பாதி நேரம் அழுகை, மீதி நேரம் மூக்கு உறிஞ்சல். எனக்கோ போனில் புளுக வராது, நாக்கு குழறும். எழுத உட்கார்ந்தால்தான் கற்பனை பொங்கும். நீ ஹாஸ்டலில் இருந்த காலம் தொட்டு நமக்குத் தபால்தானே தோது.

அசையாதே. தும்முவதானாலும் மாப்பிள்ளையைத் தும்மச் சொல்.

இப்படிக்கு,
நீர்வழிகளின் நாயகன், உன் மாமா


ஜூன் 12

அன்புள்ள புளுகு மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்து, சிரித்ததற்காக நர்ஸிடம் திட்டு வாங்கினேன். வயிறு குலுங்கக் கூடாதாம். இனிமேல் சுமாராக எழுதுங்கள்.

கால் பக்கம் உயர்த்திய கட்டிலில் கிடக்கிறேன். கூரையில் ஒரு விரிசல் இருக்கிறது. அதையே பார்த்துப் பார்த்து அதற்குப் பெயர் வைக்காத குறை. இரண்டு தடவை கைநழுவிப் போனது இந்தத் தடவையாவது நிற்க வேண்டும் மாமா. பிரசவம் முடிகிறவரை எழுந்திருக்கக் கூடாது என்கிறார்கள். இல்லாவிட்டால் இந்த நேரத்தில் அம்மா பக்கத்தில் இல்லாமல் இங்கே கிடப்பேனா?

அம்மாவிடம் சொல்லுங்கள். நிறமருந்து ஏற்றும்போது என்ன நடக்கும் தெரியுமா? அறையில் விளக்கைக் குறைப்போம். அதுவரை எதையாவது பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். மயக்க மருந்து டாக்டர் "போட்டாச்சு" என்பார். நான் பொத்தானை அழுத்துவேன். திரை கறுப்பாக இருக்கும். எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் மூச்சு நின்றுவிடும். பிறகு ஒரு ஓரத்தில் லேசாகப் பச்சை கசியும். அப்படியே கிளை கிளையாகப் பரவும். எத்தனையோ தடவை பார்த்தாயிற்று, இன்னும் அலுக்கவில்லை.

அந்த விளக்கு உங்களை மாதிரி இல்லை, பொய் சொல்லாது. அம்மாவைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். என்றைக்கு வெடிக்குமோ என்று பயந்துகொண்டே அவள் மாடிப்படி ஏறக் கூடாது. நான் பொறுப்பு.

டாக்டருக்கும் தனியாக எழுதுகிறேன், ஆபரேஷன் முடிந்ததும் பதிவான படத்தை உங்களுக்குக் காட்டச் சொல்லி. அதில் குழாயெல்லாம் பச்சை ஓடினால் போய் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். அம்மா கண் விழித்ததும் என் பேரைச் சொல்லி ஒரு முத்தம் கொடுங்கள். குட்டு வாங்கினால் கம்பெனி பொறுப்பல்ல.

உங்கள்,
வாலு


ஜூன் 29

பச்சை! பச்சை! பச்சை!

வாலு, இதைவிடப் பெரிய எழுத்து எனக்குப் போட வரவில்லை, காகிதம் சின்னது.

ஆஸ்பத்திரி கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் உத்தரவுப்படி என் முன்னால் ஒரு தட்டு இருக்கிறது. உலகத்திலேயே மிகவும் மோசமான சாப்பாடு இது. இதைவிட ருசியாக நான் எங்கும் சாப்பிட்டதில்லை.

காலையில் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஏதோ கடைசி உபதேசம் என்று குனிந்தேன். "டேய், அவளுக்கு எழுதும்போது ஒண்ணும் கூட்டிச் சொல்லாத. புள்ளத்தாச்சி பயந்துடப் போறா" என்றாள். தலையை மழித்திருந்தார்கள். உனக்கு ஒன்று சொல்கிறேன், அக்காவுக்கு மொட்டை அழகாக இருக்கிறது. இதில் கூட்டல் இல்லை.

பகல் பூராவும் வராந்தாவில் நடந்தேன். எனக்குக் கீழே தரை தேய்ந்து கீழ்மாடியில் இருந்தவர்கள் என் செருப்பைப் பார்த்துவிட்டார்கள். கடைசியில் டாக்டர் வந்தார். முகக்கவசத்தின் தடம் கன்னத்தில் அப்படியே இருந்தது. "வாங்க சார், உங்க மருமக சொன்ன படத்தைப் பார்ப்போம்" என்று ஓர் அறைக்குக் கூட்டிப் போனார்.

நீ சொன்னபடியேதான். முதலில் கறுப்பு. என் நெஞ்சு அடித்தது டாக்டருக்குக் கேட்டு அவர் ஜன்னலைச் சாத்தினார். பிறகு ஓரத்தில் கசிந்தது பார் பச்சை! பெரிய குழாயில் ஓடி, கிளைக்குத் தாவி, சரசரவென்று. ஆனால் ஒரு கிளையில் மட்டும் தயங்கி நின்றது. "இங்க கிளிப் கொஞ்சம் நெருக்குது பாருங்க. அதான் எடுத்துத் தள்ளிப் போட்டேன்" என்றார். அடுத்த படம். மறுபடி கறுப்பு, மறுபடி பச்சை. இந்தத் தடவை அந்தக் கிளையிலும் புகுந்து ஓடியது. நடுவில் அந்தப் பட்டாணி மட்டும் கறுப்பாக, தண்ணீர் வெட்டப்பட்ட வீடு மாதிரி அனாதையாக நின்றது. நான் எழுந்து கைதட்டினேன்.

"தெரியற குழாய்ல எல்லாம் நல்லா ஓடுது சார்" என்றார். அந்த மனுஷன் கன்னத்தில் அந்தத் தடத்தின் மேலேயே முத்தம் கொடுத்திருப்பேன், எட்டவில்லை.

அக்கா இன்னும் கண் திறக்கவில்லை. மயக்கம் தெளிய நேரமாகும் என்கிறார்கள். அதற்குள் இதை வாசலில் இருக்கும் தபால் பெட்டியில் போட்டுவிட்டு ஓடி வருகிறேன். ஒரு நாள்கூட நீ வீணாகப் பயப்படக் கூடாது.

இப்படிக்கு,
பச்சையின் தூதன், உன் மாமா


ஜூலை 8

என் செல்ல மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வயிற்றில் இருப்பதற்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மூன்று 'பச்சை'க்கும் மூன்று உதை. உங்கள் வாரிசுதான், சந்தேகமே இல்லை.

நிம்மதியாகத் தூங்கினேன். எத்தனை நாளைக்குப் பிறகு!

ஆனால் ஒரு புகார். நீங்கள் அன்றைக்கே எழுதியதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. தபால் தாமதமா, இல்லை அம்மா உங்கள் பேனாவைப் பிடுங்கிவிட்டாளா? இந்நேரம் வீட்டுக்கு வந்து சமையலறை டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றிவிட்டீர்கள் என்று உங்களைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

அம்மா கையால் ஒரே ஒரு வரி எழுதி வாங்கி அனுப்புங்கள் மாமா. "சாப்பிட்டியா" என்று எழுதினால்கூடப் போதும்.

வாலு


ஜூலை 18

மகா கனம் பொருந்திய, இப்போது கனம் சற்றுக் கூடியிருக்கும் மருமகளுக்கு,

தாமதத்துக்குத் தபால் இலாகாவே காரணம். கடிதங்களை ஆமை முதுகில் ஏற்றி அனுப்புகிறார்கள். அந்த ஆமையும் வழியில் விடுப்பு எடுத்துவிட்டதாம்.

உன் அம்மாவின் பராக்கிரமத்தைக் கேள். ஆஸ்பத்திரியையே பிடித்து ஆண்டுகொண்டிருக்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத்தான் வருவேன் என்கிறாள், அவ்வளவு பிடித்துவிட்டது. நேற்று கட்டிலிலிருந்து இறங்கி நடந்தாள். சாதாரண நடையா? வராந்தாவின் கோடி வரை போய்த் திரும்பினாள். நர்ஸ் மூச்சு வாங்கப் பின்னால் ஓடினார். சக்கர நாற்காலி, எதற்கும் இருக்கட்டும் என்று, காலியாகவே தானாக உருண்டு அவள் பின்னால் வந்தது. சாப்பாடு ருசியில்லை என்று தட்டைத் தள்ளினாள், அது போய்ச் சமையல்காரர் காலடியில் மன்னிப்புக் கேட்டது. தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு, மகாராணியின் சால்வை மாதிரி. டாக்டர் இரண்டு வேளையும் வந்து கைகட்டி நின்று யோசனை கேட்டுவிட்டுப் போகிறார்.

பேச்சு மட்டும் கிடையாது. தொண்டையில் குழாய் விட்டு எடுத்ததால் கரகரப்பு. பேசாதே என்று உத்தரவு. பேசாமலே அவள் வேலை வாங்குவதைப் பார்த்தால் இத்தனை வருஷமாக எதற்கு வீணாகப் பேசினாள் என்று தோன்றுகிறது.

உனக்கு எழுதுவதை எல்லாம் அவளுக்குப் படித்துக் காட்டுவது வழக்கம், உனக்குத்தான் தெரியுமே. இந்தக் கடிதத்தையும் இதுவரைக்கும் படித்தேன். நடந்தாள் என்ற இடம் வந்ததும் வைத்தாள் பார் ஒரு குட்டு! பக்கத்து வார்டில் கோமாவில் கிடந்த மூன்று பேர் எழுந்து உட்கார்ந்து "யாரு? யாரு?" என்று கேட்டார்கள்.

நீ கேட்ட வரி இத்துடன் இருக்கிறது. பேனா சரியில்லை, மசி நின்று நின்று வருகிறது. அதனால் வரிக்குப் பதில் கோடாகப் போட்டுவிட்டாள். "சாப்பிட்டியா" என்றுதான் அர்த்தம். நான் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
மகாராணியின் அந்தரங்கச் செயலாளர், உன் மாமா


ஜூலை 27

மாமா,

அம்மா வலதுகைக்காரி. இந்தக் கோடு இடது கையால் போட்டது. சாய்வு மாறியிருக்கிறது. பாதியில் வேறொரு கை பிடித்து இழுத்திருக்கிறது, அங்கே அழுத்தம் கூடியிருக்கிறது.

தோளில் துண்டு எதற்குப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். வாய் ஓரம் ஒழுகுகிறவர்களுக்கு நானே போட்டுவிட்டிருக்கிறேன்.

இவரிடம் கேட்டேன். "அத்தை நல்லாத்தான் இருக்காங்க" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். கேட்டால் போனைக் கொடுத்துவிடுவார். போனில் உங்களுக்குப் பொய் வராது என்று எனக்குத் தெரியும். அதனாலேயே கேட்கப் பயமாக இருக்கிறது.

"தெரியற குழாய்ல எல்லாம்" என்று டாக்டர் சொன்னதை நீங்கள் அப்படியே எழுதியிருந்தீர்கள். நான் அதைப் படித்துவிட்டுத் தூங்கினேன் மாமா. நான் படித்துவிட்டுத் தூங்கினேன்! மைக்ராஸ்கோப் எதைப் பார்க்கிறதோ அதைத்தான் அந்த விளக்கும் காட்டும். வீக்கத்துக்குப் பின்னால் முடி கனத்தில் குட்டிக் குழாய்கள் உண்டு. உங்கள் பாஷையில் சொன்னால், தெருக்குழாயில் எல்லாம் தண்ணீர் வருகிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடுவீர்கள், பின்சந்தில் ஒரு வீடு காய்ந்துகொண்டிருக்கும். சில டாக்டர்கள் பின்பக்கம் பார்க்கத் தனியாக ஒரு சின்னக் கேமராவை உள்ளே விடுவார்கள். அங்கே அது இருக்கிறதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். டாக்டருக்கு எழுதிய கடிதத்தில் உங்களுக்குப் படம் காட்டச் சொல்லித்தான் எழுதினேன். இதைக் கேட்கவில்லை. அந்த விளக்கு பொய் சொல்லாது என்று உங்களுக்கு எழுதினேன். நான் பொறுப்பு என்று எழுதினேன்.

வேறு எதையும் இப்போது கேட்கவில்லை. நடக்கிறாளா, பேசுவாளா, எதுவும். ஒன்றே ஒன்றுக்குப் பதில் வேண்டும். நாம் பேசுவது அம்மாவுக்குப் புரிகிறதா? புரியும் என்றால் அவளிடம் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது, எழுதி அனுப்புகிறேன், காதருகே படியுங்கள்.

இந்த ஒன்றுக்கு மட்டும் கதை சொல்லாமல் பதில் எழுதுங்கள்.

வாலு


ஆகஸ்ட் 19

வாலுவுக்கு,

பெண் குழந்தை என்று மாப்பிள்ளை சொன்னார். நன்றாக அழுகிறதாம். நீயும் எழுந்து உட்கார்ந்துவிட்டாய், பிடித்துக்கொண்டு நடக்கிறாய் என்றார். அதற்காகத்தான் காத்திருந்தேன். இந்தக் கடிதத்தை நீ உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. நான் கெஞ்சித்தான் அவர் வாயைக் கட்டினேன்.

அக்கா இல்லை. இந்த மாதம் இரண்டாம் தேதி. கடைசியில் நெஞ்சில் சளி இறங்கிவிட்டது. உன் கடிதம் வந்தபோது அந்தக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

அன்றைக்குக் கேன்டீனில் எழுதிய கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு மாடிக்கு வந்தேன். கண் திறந்திருந்தாள். வலது கையும் காலும் விழுந்து கிடந்தன. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றாள், காற்று மட்டும் வந்தது. நான் திரும்பிக் கீழே ஓடினேன். டாக்டரைக் கூப்பிட இல்லை. அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். தபால் பெட்டிக்கு ஓடினேன். அதன் வாய்க்குள் கையை விட்டேன். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. எந்த அடைப்பிலும் கையை விட்டு எடுக்கிறவன் நான். காவலாளி வந்து, "என்ன சார் பண்றீங்க?" என்றான். "பச்சைன்னு எழுதிட்டேன்ப்பா" என்றேன். அவனுக்கு என்ன புரிந்திருக்கும்.

நீ சொன்னதைத்தான் டாக்டரும் சொன்னார். பின்பக்கம், முடி கனம், கிளிப்பின் ஒரு கால் அதை மிதித்துவிட்டது. மறுபடி திறந்து சரிசெய்தார்கள். அதற்குள் அந்த இடம் செத்துவிட்டது. "அந்தப் பக்கம் எனக்குத் தெரியல சார்" என்று என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தால் அவரும் நம் உயரம்தான்.

அந்தக் கடிதம் உனக்கு வந்து சேரட்டும் என்று விட்டுவிட்டேன். நீ தூங்கினேன் என்று எழுதினாய். அதற்குப் பிறகு எப்படி மாற்றி எழுத?

பொறுப்பு உன்னுடையது என்கிறாய். நானும் யாரையாவது பிடித்துக் கட்டிப்போட முடியுமா என்று தேடினேன். யாரும் அகப்படவில்லை. உன்னையும் தேடிப் பார்த்தேன். நீயும் அகப்படவில்லை.

இனிமேல் எனக்கு எழுத வராது என்று நினைக்கிறேன். இது கோபம் இல்லை. இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்தேன். ஏதாவது கூட்டிச் சொல்லும்போது தலை தானாகக் குனிகிறது. குனிந்தபடியே உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்ல வைத்திருந்ததை எனக்கு அனுப்பாதே. நான் யாரிடம் படிப்பேன்?

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஜூலைக் கடிதத்தில் எழுதியது எல்லாம் பொய். நடந்தது பொய். தட்டு பொய். எழுந்து உட்கார்ந்தவர்கள் பொய். கோட்டில் முதல் பாதி அவள், மீதி நான். அதில் கொஞ்சம்போல ஒன்று மட்டும் நிஜம். அந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். வராந்தாக் கோடி வரை நடந்தாள் என்ற இடத்தில் போர்வைக்குள்ளிருந்து இடது கை மெல்ல வெளியே வந்தது. எதற்கு என்று எனக்குத் தெரியும். நாற்காலியை நெருக்கிப் போட்டுத் தலையைக் குனிந்து கொடுத்தேன். விரலை மடக்க அவளால் முடியவில்லை. கை அப்படியே என் தலைமேல் கிடந்தது, நர்ஸ் வந்து எடுத்து உள்ளே வைக்கும் வரை.

நீ நம்பமாட்டாய். ஆனால் இது நடந்தது.

மாமா